ஏலக்காயை எண்ணுகிறார்கள், நம் வேலைநாளை யார் எண்ணுவது?

(கல்முனையில் நடந்த தொழிலாளர் குடும்ப ஒன்றுகூடலில், மலையகப் பாடசாலைகளில் படிப்பித்து ஓய்வுபெற்ற இவ்வூர் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை.)

இரவெல்லாம் பஸ்ஸில் இருந்து எங்கள் கடற்கரைக்கு வந்து சேர்ந்திருக்கும் தோழர்களே, தாய்மார்களே, பிள்ளைகளே!

காலையில் இங்கே உங்களுக்குத் தேத்தண்ணி தந்தோம். அதில் தேயிலை உங்களுடையது. தட்டிப்போட்ட ஏலக்காயும் உங்கள் மலையுடையது. எங்களுடையது தண்ணீரும் அடுப்பும்தான்.

கல்முனைப் பக்கத்தில் ஏலம் இல்லாத நல்ல நாள் கிடையாது. வட்டிலப்பத்துக்கு ஏலம், பெருநாள் புரியாணிக்கு ஏலம், கலியாண வீட்டுத் தேத்தண்ணிக்கும் ஏலம். சவூதிக்கு வேலைக்குப் போய்வந்த எங்கள் பெண்களைக் கேளுங்கள். அங்கே வீட்டுக்கு வருபவருக்கு முதலில் ஊற்றிக் கொடுப்பது ஏலம் போட்ட கஹ்வாதான் என்பார்கள். ஆனால் ஏலச்செடியைக் கண்ணால் கண்டவர் இந்த ஊரில் குறைவு. நானும் மாத்தளைப் பக்கம் படிப்பிக்கப் போன பிறகுதான் கண்டேன்.

இஞ்சி, மஞ்சள் குடும்பத்துப் பயிர் அது. இலைத்தண்டு ஆளுயரத்துக்கு மேலே போகும். பூவும் காயும் அந்த உயரத்தில் வருவதில்லை. அடியில், மண்ணோடு ஒட்டிப் படரும் கொத்தில் வெள்ளைப் பூப் பூக்கும். பூவின் இதழில் ஊதா நிறக் கோடுகள் இருக்கும். காலையில் விரிந்த பூ ஒரு நாளோடு சரி. அதற்குள் தேனீ வந்து போனால்தான் காய். கொத்திலுள்ள காய் எல்லாம் ஒன்றாக முற்றுவதுமில்லை. அதனால் ஒரே செடிக்கு மாதத்துக்கு ஒரு தடவை, ஒன்றரை மாதத்துக்கு ஒரு தடவை என்று திரும்பத் திரும்பப் போக வேண்டும். முற்றியதை மட்டும் பார்த்து, பழுத்து வெடிக்கும் முன்னே பறிக்க வேண்டும். கொழுந்து எடுப்பவர் நின்றுகொண்டு எடுக்கலாம். ஏலம் எடுப்பவர் குனிந்தும் குந்தியும்தான் எடுக்க வேண்டும். ஈர நிலம், அட்டை, பாம்பு எல்லாம் அங்கேதான்.

பறித்த பிறகு கணக்குத் தொடங்குகிறது. ஏறத்தாழ 5 கிலோ பச்சைக் காய் காய்ந்து 1 கிலோ ஆகும். பச்சை நிறம் போகாமல் இருக்க, 50 பாகைக்குக் கிட்டிய சூட்டில், ஒரு நாள் போல சூட்டறையில் வைக்கிறார்கள். பிறகு காம்பு தேய்த்து, சல்லடையில் சலித்து, 7 மில்லிமீட்டர், 8 மில்லிமீட்டர் என்று தரம் பிரிக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு விலை.

இந்தியாவில் ஏலமலை என்றே ஒரு மலை இருக்கிறது, கேரளத்து இடுக்கி மாவட்டத்தில். அங்கே காய் எடுப்பவர்களில் பெரும்பகுதி நம்மைப் போன்ற தமிழ்ப் பெண்கள். தேனி மாவட்டத்துப் போடி, கம்பம் பக்கத்திலிருந்து விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு மலையேறி, பின்னேரம் இறங்குகிறார்கள். காய் போவது போடிநாயக்கனூர், புற்றடி ஏல நிலையங்களுக்கு. 2018இல் பெருவெள்ளம், அடுத்த வருடம் வறட்சி. விளைச்சல் விழுந்தது, விலை ஏறியது. 2019 ஆகஸ்ட்டில் புற்றடியில் ஒரு கிலோ 7,000 இந்திய ரூபாய்க்குப் போனது. அந்த விலை பத்திரிகையில் வந்தது. அந்தக் காயைப் பறித்தவளின் அன்றைய கூலி எந்தப் பத்திரிகையில் வந்தது?

இன்னொன்று சொல்கிறேன். 2023 ஜனவரியில், சபரிமலை அரவணைப் பிரசாதத்தில் போட்ட ஏலத்தில் அளவுக்கு மேல் பூச்சிமருந்து இருப்பதாகப் பரிசோதனையில் வந்தது. கேரள உயர் நீதிமன்றம் விற்பனையை நிறுத்தியது. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட டின்கள் அப்படியே கிடந்தன. அடுத்த வருடம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கியது. அந்த வழக்கின் சரிபிழை பேச நான் வரவில்லை. உண்பவரின் டின்னுக்குள் மருந்து எத்தனை என்று அளக்க ஆய்வுகூடம் இருக்கிறது. அதே மருந்தை முதுகில் சுமந்து அடித்தவரின் நெஞ்சுக்குள் எத்தனை போயிருக்கும் என்று யார் அளந்தார்கள்?

நம் நாட்டுக்கு வருவோம். இலங்கைக் காட்டுக்கென்றே சொந்தமான ஒரு காட்டு ஏலமும் உண்டு. கடையில் வாங்கும் ஏலம் கண்டி, மாத்தளை மலைகளில் பயிரானது. நக்கிள்ஸ் மலைக் காட்டுக்குள், மரநிழலில், தலைமுறை தலைமுறையாக ஏலம் வைத்தார்கள். ஏலத்துக்காகக் காட்டின் கீழ்ச்செடிகளை வெட்டினார்கள், காயைக் காயவைக்க விறகு வெட்டினார்கள். காடு மெலிந்தது. 2000ஆம் ஆண்டில் அது பாதுகாப்பு வனமாக்கப்பட்டது. 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. காடு பிழைக்க வேண்டும். ஆற்றுத் தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் காட்டு ஏலத்தில் கூலி வேலை செய்தவர்கள் வேறு காணிகளைத் தேடிப் போனார்கள். அப்படிப் போகிறவரின் பேர் எந்தச் செக்ரோலில் இருக்கிறது?

என்னிடம் படித்த பிள்ளை ஒருவனின் தாய், ஒரு தனியார் காணியில் 11 வருடம் ஏலம் எடுத்தார். கிலோக் கணக்கில் கைக்காசு. சாக்குக்கு ஒரு கழிவு, ஈரத்துக்கு ஒரு கழிவு. இடுப்பு விட்டுப்போய் வேலைக்குப் போக முடியாத நாளில், சேமலாப நிதி கேட்கப் போனார். “உன் பேர் எங்கள் புத்தகத்திலேயே இல்லையே” என்றார்கள். முறைப்பாடு எழுத நான் கூடப் போனேன். எந்த மாதம் வேலைக்குச் சேர்ந்தீர்கள், எத்தனை நாள் வேலை என்று கேட்டார்கள். “மூத்தவன் பால் மறந்த வருசம் சேர்ந்தேன், சேர்” என்றார் அந்தத் தாய். அவருடைய உழைப்புக்கு எழுத்தில் இருந்த ஒரே அத்தாட்சி, கடைக்காரரின் கடன் கொப்பிதான். அது போதவில்லை. வெறுங்கையோடு திரும்பினோம்.

அன்று எனக்கே தெரியாதவற்றை இன்று உங்களுக்குச் சொல்கிறேன். ஏலத் தொழில் சட்டத்துக்கு வெளியே கிடக்கும் தொழில் அல்ல. சம்பளச் சபைகள் கட்டளைச்சட்டத்தின் கீழ், கொக்கோ, ஏலம், மிளகுத் தொழிலுக்கென்று தனியாக ஒரு சம்பளச் சபை இருக்கிறது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் நிரந்தரத் தொழிலாளிக்கு மட்டும் உரியதல்ல. தற்காலிகமாகச் செய்பவர், நாட்கூலி, கிலோக் கணக்கில் செய்பவர் எல்லாரும் அதற்குள் வருகிறார்கள். உங்கள் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம். நம்பிக்கை நிதிக்கு முதலாளி மட்டும் 3 வீதம். இது தயவு இல்லை, உங்கள் காசு.

ஆனால் சட்டம் திகதி கேட்கும், நாள் கேட்கும். எங்கள் வட்டையிலும் இதே கதைதான். போடியார் எத்தனை மூட்டை என்று எழுதி வைப்பார். வெட்டுக்காரர் எத்தனை நாள் என்று மனதில் வைப்பார். சண்டை வந்தால் எழுத்து நிற்கும், மனது நிற்காது.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். வீட்டுக்கு ஒரு கொப்பி. ஐந்து கோடு போடுங்கள்: திகதி, யாருடைய காணி, என்ன வேலை, எத்தனை கிலோ அல்லது எத்தனை மணி, கையில் வந்த காசு. கழிவு பிடித்தால் அதையும் எழுதுங்கள். மருந்து அடித்த நாளில் போத்தலில் உள்ள பேரைப் பார்த்து எழுதுங்கள். தலைச்சுற்று, வாந்தி வந்தால் அதையும் எழுதுங்கள். உங்களுக்கு எழுத வராவிட்டால் படிக்கிற பிள்ளை எழுதட்டும். கூட வேலை செய்தவரின் கையெழுத்தை வாரத்துக்கு ஒரு தடவை வாங்கி வையுங்கள். மாத முடிவில் கொப்பியைச் சங்கத் தலைவரிடம் காட்டுங்கள். பத்துப் பேரின் கொப்பியில் ஒரே கணக்கு இருந்தால், “பேர் இல்லை” என்று சொல்வது யாருக்கும் இலேசாக இருக்காது.

கூடத்து வாசலில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கொப்பிகளோடு நிற்கிறார்கள். சாப்பாட்டுக்குப் போகுமுன் குடும்பத்துக்கு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். போன கிழமை செய்த வேலையை, நினைவில் இருக்கும்போதே, இங்கேயே இருந்து முதல் பக்கத்தில் எழுதுங்கள். கோடு போட்டுத் தர நானும் இருக்கிறேன்.