கொடை வீடும் குடியிருப்போரும்



வன்னி நாட்டில் வீடு கட்டுதல் என்பது வெயிலையும் காற்றையும் அறிந்தோர் செய்த தொழிலாகும். மண் சுவரும் கிடுகுக் கூரையுமாக நின்ற பழைய வளவுகளில் அடுப்படி தனித்து நிற்கும்; விறகுப் புகை படுக்கையறையை அணுகாது. குடும்பம் பெருகியபோது ஒரு பத்தி இறக்கப்படும். 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் போர் முடிவுற்று, வவுனியா மெனிக்பாம் முதலிய முகாம்களிலிருந்து மக்கள் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் மீண்டபோது, அவ்வளவுகளிற் பலவற்றில் அத்திவாரமே எஞ்சியிருந்தது. தகரமும் தறப்பாளும் கொண்டு வாழ்வு தொடங்கிற்று.

அக்காலத்தில் வந்த உதவிகளுள் இரண்டை ஒப்பு நோக்கினால், கொடுப்போர்க்குரிய ஒழுக்கம் எதுவென்பது ஓரளவு தெளிவாகும்.

முதலாவது, 2010இல் இந்தியா அறிவித்த 50,000 வீட்டுத் திட்டம். இது கடனன்று, நன்கொடை. இவற்றுள் 46,000 வீடுகள் வடக்குக்கும் கிழக்குக்கும், எஞ்சியவை மலையகத்துக்கும் உரியன. வடக்கு கிழக்கில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா ஒதுக்கப்பட்டது. அப்பணம் குடும்பத்தின் வங்கிக் கணக்கிலேயே கட்டங்கட்டமாக வைப்பிலிடப்பட்டது. அத்திவாரம் முடிந்ததா, சுவர் எழுந்ததா என்று பார்த்த பின்னரே அடுத்த பங்கு கிடைக்கும். மேசனைத் தேடுவதும், மணலுக்கு விலை பேசுவதும், சீமெந்து மூடைகளை எண்ணுவதும் வீட்டுக்காரரின் பொறுப்பாயின.

இம்முறை குறையற்றதென்று சொல்வது உண்மையாகாது. ஒரே காலத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள் எழுந்தமையால் மணலும் கல்லும் கூலியும் விலையேறின. ஒதுக்கிய தொகையோ ஏறவில்லை. நகையை அடைவு வைத்தோரும் கடன்பட்டோரும் பலர். கணவனை இழந்து தனித்து நின்ற பெண்கள், மேசனோடு வழக்காடுவதற்கும் துணையின்றி அல்லற்பட்டனர். கதவில்லாத வீட்டிற் குடிபுகுந்த குடும்பங்களும் உண்டு. கொடுத்தவர் கணக்கில் அது முடிந்த வீடு. குடியிருந்தவர் கணக்கிலோ முடியாத கடன்.

இரண்டாவது, 2015இன் பிற்பகுதியில் மீள்குடியேற்ற அமைச்சு முன்வைத்த 65,000 உருக்கு வீட்டுத் திட்டம். உலகப் பெரும் உருக்குக் கம்பனிகளுள் ஒன்றான ஆசெலர் மிட்டல் இதற்குத் தெரிவாயிற்று. ஒரு வீட்டின் விலை ஏறக்குறைய இருபத்தொரு இலட்சம் ரூபா. கல்வீடு ஒன்றுக்கு அரசு எட்டு இலட்சம் ரூபா கொடுத்துவந்த காலம் அது. உருக்கு வீட்டுக்குரிய பணமும் நன்கொடையன்று, வட்டியோடு நாடு திருப்பிச் செலுத்தவேண்டிய கடன்.

மாதிரி வீடுகள் யாழ்ப்பாணத்தில் எழுப்பப்பட்டதும் வினாக்கள் எழுந்தன. அத்திவாரத்தின் வலு, காற்றோட்டம், வெப்பம், உவர்க்காற்றில் இரும்பு துருப்பிடித்தல் என்பன குறித்துப் பொறியியலறிஞர் ஐயமுரைத்தனர். பாராளுமன்ற உறுப்பினர் எம். ஏ. சுமந்திரன் முதலியோர் திட்டத்தை எதிர்த்தனர். விறகடுப்புக்கு இடமில்லையே என்பதும் ஒரு குறையாகச் சொல்லப்பட்டது. சிறிய குறை போலத் தோன்றும். ஆயினும் வரைபடம் வரைந்தவர் வன்னியில் ஒரு நாளேனும் சோறு சமைக்கக் கண்டிலர் என்பதை அது ஒன்றே காட்டிவிடுகிறது.

அமைச்சின் தரப்பிலும் நியாயம் கூறப்பட்டது. உருக்கு வீடு விரைவில் எழும். கட்டுமானத் தொல்லை மக்களுக்கில்லை. விண்ணப்பித்தோரும் பல்லாயிரவர் என்றனர். விண்ணப்பித்தது மெய்யே. ஆனால் தறப்பாளின் கீழ் இருப்பவரிடம் ஒரேயொரு படிவத்தை நீட்டி, அவர் ஒப்பமிட்டதைச் சம்மதமென்று கொள்வது எவ்வளவு பொருந்தும்? இதுவா, எட்டு இலட்சத்துக் கல்வீடா என்று கேட்டிருந்தாலன்றோ அது தெரிவாகும்!

கம்பனியொன்றின் பணிப்பாளர் சபை தன் பங்குதாரருக்குக் கணக்குக் காட்டும். பொருளை வாங்கும் அரசு நிதியமைச்சுக்குக் கணக்குக் காட்டும். வீட்டில் வாழப்போகும் பெண்ணோ பங்குதாரருமல்லள், வாங்குபவருமல்லள். ஒப்பந்தத்தின் எந்தப் பக்கத்திலும் அவளுடைய கையெழுத்தில்லை. சுவர் வெடித்தால் அவள் யாரிடம் போவாள்? இந்திய வீட்டுத் திட்டத்தில், அதன் குறைகளெல்லாம் இருந்தும், வங்கிப் புத்தகம் அவள் கையிலிருந்தது.

இது இலங்கைக்கு மட்டும் உரிய சிக்கலன்று. மலேசியாவின் பெர்காவ் அணைக்குப் பிரித்தானியா உதவிப் பணம் வழங்கியது. அந்நாட்டு அதிகாரிகளே பொருளாதார நோக்கில் அது தகாதென்று அறிவுறுத்தியிருந்தனர்; ஆயுத விற்பனையோடு அதற்குத் தொடர்பிருந்தமையும் வெளிவந்தது. 1994இல் இலண்டன் உயர் நீதிமன்றம் அவ்வுதவி சட்டத்துக்கு மாறானதெனத் தீர்த்தது. வழக்கிட்டது பிரித்தானியாவிலேயே இயங்கிய ஒரு மக்கள் அமைப்பு. 2005ஆம் ஆண்டின் பாரிஸ் பிரகடனமோ, உதவிபெறும் நாடே தன் திட்டங்களுக்கு உரிமை பூணவேண்டுமென்றது. நல்ல சொல்தான். எனினும் நாடு என்பது தலைநகரத்து அமைச்சோடு முடிந்துவிடுமா, கண்டாவளைக் குடிசை வரை செல்லுமா என்ற வினா அங்கேயே நின்றுவிட்டது.

65,000 உருக்கு வீடுகள் என்ற அந்தத் திட்டம் அவ்வளவில் நிறைவேறவில்லை. எதிர்ப்புக்கு ஒரு வெற்றியென அதனைக் கொண்டாடினோர் உளர். ஆனால் வாதம் நடந்த ஆண்டுகளிலும் மாரி தவறாது வந்தது. ஒட்டுசுட்டானிலும் மாங்குளத்திலும் வீட்டுக்குக் காத்திருந்தோர், ஒவ்வோர் ஐப்பசியிலும் தறப்பாளின் கிழிசலைத் தைத்துக்கொண்டனர். அந்த ஆண்டுகளின் விலையை எந்தத் தரப்பும் தன் கணக்கில் எழுதிக்கொள்ளவில்லை.