பி. டி. ஜேம்ஸ் படித்ததும் எழுதியதும்

இங்கிலாந்தின் துப்பறியும் நாவலாசிரியர் பி. டி. ஜேம்ஸின் முதல் நாவல் 'கவர் ஹெர் ஃபேஸ்' 1962இல் வெளிவந்தது. அப்போது அவர் நாற்பதைத் தாண்டியிருந்தார். அதுவரை எங்கே இருந்தார்? கோப்புகளுக்கு நடுவே இருந்தார். அந்தக் கோப்புகள் அவருடைய எழுத்தைத் தாமதப்படுத்தின என்பது பாதி உண்மைதான். எழுதுவதற்கு வேண்டிய சரக்கைக் கொடுத்ததும் அவைதான்.

ஃபில்லிஸ் டோரதி ஜேம்ஸ் 1920 ஆகஸ்ட் 3ஆம் தேதி ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்தவர். தந்தை வரித்துறை ஊழியர். பெண்ணை மேலே படிக்கவைக்கும் எண்ணம் அவருக்கு இல்லை. பதினாறு வயதில் பள்ளிப்படிப்பு நின்றது. மணந்த டாக்டர் இரண்டாம் உலகப் போருக்குப் போய் மனநோயோடு திரும்பினார். மனநல மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அவருடைய வாழ்க்கை கழிந்து, 1964இல் முடிந்தது. இரண்டு பெண் குழந்தைகள். சம்பாதிக்க வேண்டியவர் ஜேம்ஸ் ஒருவரே. 1949 முதல் லண்டனில் மருத்துவமனை நிர்வாக வாரியத்தில் வேலை பார்த்தார். 1968இல் தேர்வு எழுதி உள்துறைக்குப் போனார். காவல்துறை, தடய அறிவியல், குற்றவியல் சட்டம் என்று அங்கே 1979 வரை இருந்தார்.

இதற்கு நடுவே எப்போது எழுதினார்? விடியற்காலையில், ஆபீசுக்குக் கிளம்பும் முன்னால். எழுதத் தோதான காலம் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால், பாட்டிக்கும் ஒரு காலத்தில் நாவலாசிரியராகும் ஆசை இருந்தது என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்லும் நிலைதான் மிஞ்சும் என்பது முப்பது வயதைக் கடந்த பிறகு அவருக்கு உறைத்தது. முதல் நாவலை முடிக்க ஆண்டுக்கணக்கில் ஆனது. முடிந்ததை ஃபேபர் அண்ட் ஃபேபர் பதிப்பகம் ஏற்றுக்கொண்டது.

துப்பறியும் கதையைத் தேர்ந்தெடுத்ததற்கு அவர் சொன்ன காரணம் எளிமையானது. படிக்கப் பிடிக்கும், அதனால் எழுதவும் வரும் என்று நம்பினார். 'தீவிரமான' நாவலுக்கு இது நல்ல பயிற்சி என்றும் நினைத்தார். எழுத எழுதத்தான் கணக்கு மாறியது. கொலை, சந்தேகத்துக்குரிய சிலர், துப்பறிபவர், கடைசியில் விடை என்ற கட்டுக்கோப்புக்குள் நின்றபடியே மனிதர்களைப் பற்றி எல்லாவற்றையும் சொல்ல முடியும் என்று தெரிந்துகொண்டார். யாப்பு கவிஞனின் கையைக் கட்டிவிடுவதில்லை என்பதை அறிந்த வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அலுவலகம் அவருக்குக் கொடுத்தது என்ன என்பதை 1971இல் வந்த 'ஷ்ரவுட் ஃபார் எ நைட்டிங்கேல்' நாவலின் தொடக்கம் காட்டிவிடும். ஒரு செவிலியர் பயிற்சிப் பள்ளி. ஆய்வாளர் ஒருவர் பார்வையிட வந்திருக்கிறார். நோயாளியின் இரைப்பைக்குள் குழாய் விட்டு உணவு செலுத்தும் செய்முறை வகுப்பு நடக்கிறது. நோயாளியாக நடிக்க ஒரு மாணவி கட்டிலில் படுத்திருக்கிறாள். குழாய் வழியே வெதுவெதுப்பான பால் போகிறது. அது பால் அல்ல, உடலை அரிக்கும் கிருமிநாசினி. சுற்றிலும் மாணவிகள், ஆசிரியை, ஆய்வாளர். இத்தனை பேர் கண்முன்னால் அந்தப் பெண் துடிதுடித்துச் சாகிறாள். தட்டில் எது எந்த வரிசையில் இருக்கும், புட்டியை யார் எடுத்து வைப்பார், எந்த அலமாரிக்குப் பூட்டு கிடையாது என்பதெல்லாம் தெரிந்தவருக்குத்தான் இப்படி ஒரு கொலை தோன்றும். 1977இல் வந்த 'டெத் ஆஃப் அன் எக்ஸ்பர்ட் விட்னஸ்' தடய அறிவியல் கூடத்தில் நடக்கிறது. அதற்கான விதை உள்துறை வேலையில் இருந்து வந்தது. பிறகு பதிப்பகம், வழக்கறிஞர் அலுவலகம், இறையியல் கல்லூரி, அருங்காட்சியகம் என்று பல நாவல்களிலும் ஒரு பணியிடம். கூட வேலை பார்ப்பவர்மேல் வரும் எரிச்சல் எவ்வளவு ஆழமாக ஓடும் என்பதை அவரைவிட நன்றாக எழுதியவர்கள் குறைவு.

அவருக்குக் கதை முதலில் இடமாகவே வரும். பிறகுதான் ஆட்கள், கொலை எல்லாம். ஒரு தடவை கிழக்கு ஆங்கிலியாவில் ஆளில்லாத கூழாங்கல் கடற்கரையில் நின்றிருந்தார். கரையில் இழுத்துப் போட்ட ஓரிரண்டு மரப்படகுகள், கம்புகளில் காயும் வலைகள். நூற்றாண்டுகளாக மாறாத காட்சி. தெற்கே திரும்பினார். சைஸ்வெல் அணுமின் நிலையம் பெரிய உருவமாக எழுந்து நின்றது. அடுத்த நாவல் கிடைத்துவிட்டது என்று அந்த நிமிடமே தெரிந்தது. அதுதான் 1989இல் வந்த 'டிவைசஸ் அண்ட் டிசயர்ஸ்'. கண்ட இடத்தை அப்படியே வைக்காமல், நார்ஃபோக் கரையில் கற்பனையாக ஒரு மின்நிலையத்தை எழுப்பிக்கொண்டார்.

திட்டமிடுவதற்கு எழுதும் அளவுக்கே நாள் பிடிக்கும். குறிப்பேடுகள் நிரம்பிய பிறகே முதல் வரி. எழுதும்போது வரிசை பார்ப்பதில்லை. சினிமாக்காரர்கள் படம் பிடிப்பதுபோல அன்றைக்கு எந்தக் காட்சி கைகூடுகிறதோ அதை எழுதுவார், பிறகு கோப்பார். திட்டம் கெட்டியாக இருந்தால்தான் இது நடக்கும். துப்பறியும் கதையில் இருபதாம் பக்கத்தில் விட்ட துப்பு முந்நூறாம் பக்கத்தில் பலன் தரவேண்டும். வாசகருக்குத் தெரியாத எதையும் துப்பறிபவர் ஒளித்து வைக்கக் கூடாது என்ற நேர்மை வேறு இருக்கிறது.

இனி அவருடைய வாசிப்பு. ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகம் கேட்டுக்கொண்டதால் 2009இல் 'டாக்கிங் அபௌட் டிடெக்டிவ் ஃபிக்‌ஷன்' என்ற சிறு நூலை எழுதினார். தலைமுறை தலைமுறையாக வந்த துப்பறியும் கதைகளைப் பற்றி, அந்தத் தொழிலைச் செய்த ஒருவரின் தீர்ப்பு அது. வில்கி காலின்ஸின் 'தி மூன்ஸ்டோன்' (1868) அவருக்குத் தொடக்கப்புள்ளி. அகதா கிறிஸ்டியை மாயவித்தைக்காரராக மதித்தார். சீட்டைக் கலைத்துப் போடும் அந்தக் கைத்திறனில் அவருக்கு வியப்பு உண்டு. பாத்திரங்கள் அட்டை உருவங்கள் என்று சொல்லவும் தயங்கவில்லை. மனம் சாய்ந்தது டோரதி எல். சேயர்ஸ் பக்கம். சேயர்ஸ் விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அந்த அனுபவத்தில்தான் விளம்பரக் கம்பெனிக்குள் கொலை நடக்கும் 'மர்டர் மஸ்ட் அட்வர்டைஸ்' (1933) பிறந்தது. ஜேம்ஸ் பிற்பாடு தொடர்ந்து எழுதிய பணியிட நாவலுக்கு இது முன்னோடி என்று தாராளமாகச் சொல்லலாம். மார்ஜரி அலிங்ஹாம், நையோ மார்ஷ் இருவருக்கும் அந்நூலில் இடம் உண்டு. ஜோசஃபின் டேயும் வருகிறார். டேயின் 'தி ஃப்ரான்சைஸ் அஃபேர்' (1948) நாவலில் கொலையே கிடையாது. தன்னைக் கடத்தி அடைத்துவைத்தார்கள் என்று ஒரு இளம்பெண் இரண்டு பெண்கள்மேல் பழி சுமத்துகிறாள். உண்மையா பொய்யா என்பதுதான் முழு நாவலும்.

ஆனால் அவர் வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்பப் படித்தது ஜேன் ஆஸ்டினை. 'எம்மா'வைத் துப்பறியும் கதையாகவே வாசிக்கலாம் என்று ஒரு சொற்பொழிவில் வாதிட்டார். அது 1999இல் வந்த அவருடைய நாட்குறிப்பு நூலான 'டைம் டு பீ இன் ஏர்னஸ்ட்'டின் பின்னிணைப்பாக இருக்கிறது. 'எம்மா'வில் பிணம் விழவில்லை, ஃப்ராங்க் சர்ச்சிலுக்கும் ஜேன் ஃபேர்ஃபாக்ஸுக்கும் நடுவே ஒரு ரகசிய நிச்சயதார்த்தம் இருக்கிறது. ஃப்ராங்க் சர்ச்சில் முடி வெட்டிக்கொள்ள மட்டும் லண்டன் போய்வருகிறான். ஊர் சிரிக்கிறது. சில நாளில் ஜேன் ஃபேர்ஃபாக்ஸ் வீட்டுக்கு யார் அனுப்பியது என்று தெரியாமல் ஒரு பியானோ வந்து இறங்குகிறது. இரண்டையும் முடிச்சுப் போடுவது வாசகர் பொறுப்பு. வாய் ஓயாத மிஸ் பேட்ஸின் பேச்சிலும் துப்புகள் கொட்டிக் கிடக்கின்றன, வளவளப்பு என்று வாசகர் தாண்டிப் போய்விடுவார். துப்பை ஒளிக்க இதைவிடப் பாதுகாப்பான இடம் உண்டா? இந்தப் பற்றின் முடிவில்தான் 2011இல், 91 வயதில், ஆஸ்டினின் பாத்திரங்களை வைத்தே 'டெத் கம்ஸ் டு பெம்பர்லி'யை எழுதினார். அது அவருடைய கடைசி நாவல். 2014 நவம்பர் 27இல் காலமானார்.

ஜேம்ஸிடம் குறை இல்லாமல் இல்லை. ஒரு அறைக்குள் யார் நுழைந்தாலும் நாற்காலி, திரைச்சீலை, புத்தக அலமாரி எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் கதை நகரும். ஆளின் குணம் அறையில் தெரியும் என்பது அவருடைய நியாயம். நியாயம் சரிதான், பிந்தைய நாவல்களில் அளவு மிஞ்சிவிட்டது. இவரைப் புதிதாகப் படிக்க வருபவர் முதல் நாவலில் தொடங்க வேண்டியதில்லை. செவிலியர் பள்ளிக் கதை நல்ல வாசல். அடுத்து 1986இல் வந்த 'எ டேஸ்ட் ஃபார் டெத்'. தேவாலயத்தின் பக்க அறையில், முன்னாள் அமைச்சர் ஒருவரும் தெருவில் திரியும் ஏழை ஒருவரும் கழுத்தறுபட்டுக் கிடப்பதில் அந்த நாவல் தொடங்குகிறது.