பன்னிரண்டு பன், ஒரே தட்டு



அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், அந்த வீட்டு வாசலுக்கு மூடிய தட்டுகள் வரத் தொடங்கும். தேவாலயத்தில் பழகியவர், தெருக்காரர், கூட வேலை பார்த்தவர் என்று ஆளுக்கொன்று கொண்டுவருவார்கள். அவற்றில் ஒன்றிலாவது சின்னச் சின்ன பன்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடி இருக்கும். உள்ளே பன்றித்தொடை இறைச்சியும் சீஸும், மேலே வெண்ணெயும் கசகசாவும். இதற்கு அங்கே ‘இழவு வீட்டு சாண்ட்விச்’ என்றே ஒரு பெயர் வழங்குகிறது. பெயரைக் கேட்டு நாம் திடுக்கிட வேண்டியதில்லை. துக்க வீட்டில் அடுப்பு மூட்டாத வழக்கம் நமக்கும் உண்டு. பக்கத்து வீட்டிலிருந்து இட்லியும் காப்பியும் வரும், யாரும் அழைக்காமலே வரும்.

அதே முறையில் மாட்டிறைச்சியை வைத்துச் செய்தால் அது கொண்டாட்ட உணவாகிவிடும். பிறந்தநாளானாலும், பிப்ரவரியில் சூப்பர் பவுல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதி ஆட்டத்தை ஊரே கூடிப் பார்க்கும் இரவானாலும், மேசை நடுவில் ஒரு தட்டு ஸ்லைடர் இருக்கும். ஸ்லைடர் என்றால் இரண்டு மூன்று வாயில் தின்று முடிக்கக்கூடிய குட்டி சாண்ட்விச். இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். மாட்டிறைச்சி எல்லார் வீட்டிலும் புழங்குவதில்லை என்பது தெரியும். அந்த வீட்டுக்காரர்களும் கேளுங்கள். கோழிக்கும் காளானுக்கும் இதே முறைதான்.

நான் இதை முதலில் சாப்பிட்டது ஜார்ஜியா மாநிலத்தில், புது வீட்டுக்குக் குடிபோன மறுநாள். பெட்டிகள் பிரிக்கப்படாமல் கிடந்தன. எதிர் வீட்டு மூதாட்டி முந்தைய நாளே வந்து, “நீங்கள் மாட்டிறைச்சி சாப்பிடுவீர்களா?” என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார். மறுநாள் மாலை அலுமினியத் தாள் மூடிய சூடான தட்டோடு வந்து நின்றார். தட்டு காலியானதும் திருப்பிப் பார்த்தபோது அடியில் ஒரு ஒட்டுத்தாள், அதில் பேனாவால் அவர் பெயர். எனக்கு உடனே எங்கள் பாட்டி வீட்டு எவர்சில்வர் தூக்குகள் நினைவுக்கு வந்தன. ஒவ்வொன்றிலும் பெயர் பொறித்திருக்கும். ஊர் முழுக்கச் சுற்றிவிட்டு வீடு திரும்ப வேண்டிய பாத்திரங்கள் அல்லவா?

இந்த உணவுக்கு உயிர் பன்தான். அதன் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

1878-ஆம் ஆண்டு, அட்லாண்டிக் கடலில் உள்ள மடெய்ரா தீவிலிருந்து போர்த்துக்கீசியக் குடும்பங்கள் ஹவாய்க்குக் கப்பலேறின. கரும்புத் தோட்ட வேலைக்காகப் போனவர்கள். பின்னாலேயே அசோர்ஸ் தீவுக்காரர்களும் போனார்கள். போன இடத்தில் வீட்டுக்கு வெளியே கல் அடுப்பு கட்டி, முட்டையும் பாலும் சர்க்கரையும் சேர்த்த இனிப்பு ரொட்டியைச் சுட்டார்கள். ரொட்டிக்கு அவர்கள் மொழியில் உள்ள சொல், ‘பாவ்ன்’ என்று மூக்கால் ஒலிப்பது. மும்பையின் பாவ் அந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான். இலங்கைத் தமிழர் வாயில் அதுவே ‘பாண்’ ஆயிற்று. யாழ்ப்பாணத்தில் ‘ஓர் இறாத்தல் பாண் தாங்கோ’ என்று கேட்கிறவருக்கும் ஹவாயில் இனிப்பு ரொட்டி வாங்குகிறவருக்கும் தூரத்து உறவு இருக்கிறது. ஒரே நாட்டு மக்கள் இரண்டு பக்கமும் கொண்டுசேர்த்த பண்டம்.

ஹவாயில் அதைக் கையில் எடுத்து வளர்த்தவர் ராபர்ட் டைரா. ஜப்பானியக் குடியேறிகளின் மகன். 1950-இல் ஹீலோ நகரில் சின்ன பேக்கரி தொடங்கினார். போர்த்துக்கீசிய இனிப்பு ரொட்டி சூட்டோடு இருக்கும்வரை மெத்தென்றிருக்கும், ஆறினால் இறுகிவிடும். ஆறினாலும் மெத்தென்றே இருக்கும்படி அவர் பக்குவம் கண்டார். பிறகு 1963-இல் கடை ஹொனலுலு நகரின் கிங் தெருவுக்கு மாறியது. அந்தத் தெருவின் பெயரிலிருந்துதான் கிங்ஸ் ஹவாயியன் என்ற பெயர் வந்தது. 1977-இல் கலிஃபோர்னியாவின் டாரன்ஸ் நகரில் ஆலை எழுந்தது. இன்று அமெரிக்கக் கடைகளில் ஆரஞ்சு நிறப் பையில் பன்னிரண்டு பன்கள் ஒட்டியே விற்கின்றன. போர்த்துக்கீசியர் பக்குவத்தை ஜப்பானியர் மகன் மாற்றி, ஹவாய் பெயரில் விற்று, அது ஜார்ஜியா மூதாட்டியின் சமையலறையில் வந்து இறங்குகிறது. ஒரு பன் இவ்வளவு பேர் கை பட்டு வருகிறது என்பதில் எனக்குத் தீராத வியப்பு.

பன்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதுதான் சூட்சுமம். பிசைந்த மாவு உருண்டைகளை நெருக்கி அடுக்கிச் சுட்டால், அவை பொங்கி ஒன்றையொன்று தொட்டு ஒட்டிக்கொள்ளும். தொட்ட பக்கம் ஓடு பிடிக்காது, பஞ்சுபோல் இருக்கும். நம் ஊரில் ஆறு ஆறாக ஒட்டி விற்கும் பாவ் பன் அப்படிப்பட்டதுதான். கொஞ்சம் இனிப்புக் குறைவு, அவ்வளவே. தாராளமாக அதில் செய்யலாம்.

குட்டி மாட்டிறைச்சி சாண்ட்விச்சுக்கு வேறொரு மூதாதையும் உண்டு. 1906-இல் அப்டன் சிங்கிளேர் எழுதிய ‘தி ஜங்கிள்’ நாவல், சிகாகோ இறைச்சிக் கூடங்களின் அழுக்கை வெளிச்சம் போட்டுக் காட்டியது. அதே ஆண்டில் இறைச்சிச் சோதனைச் சட்டம் வந்தது. ஆனாலும் கொத்துக்கறி என்றால் எதைக் கொத்தினார்களோ என்ற பயம் மக்களுக்குப் போகவில்லை. அந்தப் பயத்தைப் போக்கத்தான் 1921-இல் கேன்சஸ் மாநிலத்து விசிட்டா நகரில் வால்ட்டர் ஆண்டர்சனும் பில்லி இங்க்ராமும் வெள்ளை வெளேரென்று ஒரு கடை கட்டி, ஒயிட் காசில் என்று பெயர் வைத்தார்கள். சாப்பிடுகிறவர் கண்முன்னே சமையல். ஒரு சிறிய பர்கர் 5 சென்ட். வெங்காயத்தின் மேல் மெல்லிய சதுரக் கறி, அதன் மேல் பன், வெங்காய ஆவியிலேயே எல்லாம் வெந்துவிடும். இன்று நாம் செய்யப்போவதிலும் அந்த வெங்காயம் முக்கியம்.

இனி சமையல். பன்னிரண்டு பன்னுக்கு அரைக் கிலோ கொத்துக்கறி. அமெரிக்காவில் நூற்றுக்கு இருபது பங்கு கொழுப்புள்ள கறியை விரும்பி வாங்குவார்கள். நம் பக்கம் பெரும்பாலும் கிடைப்பது எருமை இறைச்சி, அதில் கொழுப்புக் குறைவு, ஆகவே ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டுக்கொள்ளுங்கள். அகலமான இரும்புச் சட்டி நன்றாகக் காய்ந்ததும் கறியைப் பரப்பிப் போட்டு, இரண்டு மூன்று நிமிடம் தொடாமல் விடுங்கள். கை பரபரக்கும். ஆனாலும் கிளறாதீர்கள். அடி சிவந்து வரும் அந்த நிறத்தில்தான் கறியின் மணம் இருக்கிறது. முதலிலேயே கிளறினால் நீர் விட்டுக்கொண்டு வெந்த கறியாகிவிடும், வறுத்த கறியாகாது. பிறகு உடைத்துவிட்டு, பொடியாக நறுக்கிய இரண்டு வெங்காயம், நான்கு பல் பூண்டு, உப்பு, மிளகுத்தூள். கிடைத்தால் ஒரு கரண்டி வூஸ்டர் சாஸ், இல்லையென்றால் கொஞ்சம் சோயா சாஸ்.

கொத்துக்கறியில் ஒரு கவனம் வேண்டும். முழுத்துண்டு இறைச்சியில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில் இருக்கும், வெளியே சூடு பட்டதும் அழிந்துவிடும். கொத்தும்போது மேலிருந்தது உள்ளே போய்க் கலந்துவிடுகிறது. ஆகவே இளஞ்சிவப்பு துளியும் தெரியாமல் முழுக்க வேக வேண்டும். வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு 71 டிகிரி செல்சியஸ் கணக்கு.

வெந்ததும் சட்டியைச் சாய்த்து, வடியும் கொழுப்பைக் கரண்டியால் எடுத்துவிடுங்கள். நான் முதல்முறை செய்தபோது இதை விட்டுவிட்டேன். அடிப்பன் முழுவதும் ஊறி, தட்டிலிருந்து எடுக்கும்போதே பிய்ந்துபோனது. அன்றிலிருந்து இரண்டு காரியங்களைத் தவறவிடுவதில்லை. கொழுப்பை வடிப்பேன், அடிப்பன்னைத் தனியாக முன்கூட்டியே வாட்டுவேன்.

வாட்டுவது எப்படி? ஓவனை 175 டிகிரியில் சூடாக்குங்கள். பன்களைப் பிரிக்கவே கூடாது. பல் வைத்த நீளக் கத்தியால் ஒட்டிய பன்கள் அத்தனையையும் ஒன்றாகக் குறுக்கே, மேல்பாதி கீழ்பாதியாக அறுங்கள். கீழ்ப்பாதியைத் தட்டில் வைத்து, அறுத்த முகம் மேலே தெரிய, ஐந்து நிமிடம் ஓவனில் விட்டால் மேலே லேசாக ஓடு பிடிக்கும். சாறு அதைத் தாண்டி இறங்காது.

அதன் மேல் ஆறு துண்டு சீஸ், அதன் மேல் கறி, மறுபடி ஆறு துண்டு சீஸ், மேல்பாதிப் பன். சீஸ் இரண்டு பக்கமும் ஏன் என்றால், உதிரியான கறியைப் பன்னோடு ஒட்டவைக்கும் பசை அதுதான். எந்தச் சீஸ் என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. கடையில் தாள் பிரித்து எடுக்கும் சாதாரண பிராசஸ்டு சீஸ் துண்டுதான் இதற்குச் சரி. பழுக்க வைத்த செடார் தனியாக உருகும்போது எண்ணெய் பிரிந்து, புரதம் திரிந்து நிற்கும். 1911-இல் சுவிட்சர்லாந்தில் வால்ட்டர் கெர்பரும் ஃபிரிட்ஸ் ஸ்டெட்லரும் சோடியம் சிட்ரேட் உப்பைச் சேர்த்து அதற்கு மாற்றுக் கண்டார்கள். புரதத்தை இறுக்கிக் கட்டும் கால்சியத்தை அந்த உப்பு இழுத்துக்கொள்ள, தளர்ந்த புரதம் கொழுப்பை விடாமல் பிடித்துக்கொள்கிறது. ஆகவே குழம்பாக உருகும், பிரியாது. சுவை கூட வேண்டுமானால் மேல் அடுக்கில் மட்டும் கொஞ்சம் செடார் துருவிப் போடுங்கள்.

கடைசியாக மேல்பூச்சு. ஐம்பது கிராம் வெண்ணெயை உருக்கி, ஒரு தேக்கரண்டி மஸ்டர்ட், நசுக்கிய பூண்டு, ஒரு தேக்கரண்டி கசகசா கலந்து, பன்களின் தலையில் தடவுங்கள். அவர்கள் கசகசா சாம்பல் நீலம், நம்முடையது வெள்ளை. நாம் அரைத்துக் குருமாவில் கரைக்கிறோம், அவர்கள் அரைக்காமல் தூவுகிறார்கள். சிங்கப்பூரிலும் அமீரகத்திலும் இருக்கும் நேயர்கள் எள்ளைத் தூவுங்கள், அங்கே கசகசாவுக்குத் தடை உண்டு.

அலுமினியத் தாளால் மூடிப் பதினைந்து நிமிடம், திறந்து ஐந்து நிமிடம். வெளியே எடுத்ததும் அறுக்காமல் ஐந்து நிமிடம் பொறுங்கள், சீஸ் கொஞ்சம் இறுகட்டும். பிறகு பன்கள் ஒட்டிய கோடுகளின் மேலேயே கத்தியை இறக்கினால் பன்னிரண்டும் தனித்தனியே வந்துவிடும்.

இதை நான் விரும்புவதற்குக் காரணம் இருக்கிறது. தோசை வார்க்கும் வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு முடிக்கும்வரை ஒருவர் அடுப்படியிலேயே நிற்பார். அநேகமாக அவர் அம்மாவாக இருப்பார். கடைசித் தோசையை ஆறிய சட்டினியோடு அவர் தனியாகச் சாப்பிடுவார். இங்கே பன்னிரண்டும் ஒரே நேரத்தில் வெந்து, ஒரே சூட்டில் மேசைக்கு வருகின்றன. சமைத்தவரும் உட்கார்ந்துகொள்கிறார்.

முந்தைய இரவே அடுக்கிக் குளிர்பெட்டியில் வைக்கலாம், வெண்ணெய்ப் பூச்சை மட்டும் மறுநாள் சுடும்போது தடவுங்கள். காளானில் செய்கிறவர்கள் அதன் நீர் முழுக்கச் சுண்டும்வரை வதக்க வேண்டும். ஓவன் இல்லாதவர்கள் கனமான தோசைக்கல்லில், இறுக்கமான மூடி போட்டு, சிறு தீயில் பத்து நிமிடம் வைக்கலாம். தலை சிவக்காது, ஆனால் சீஸ் உருகிவிடும்.

எதிர் வீட்டு மூதாட்டியின் தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது வெறுமனே கொடுக்க மனம் வரவில்லை. எலுமிச்சைச் சாதம் வைத்துக் கொடுத்தேன். அடுத்த வாரம் அவர் வீட்டுக்கு அழைத்தார். அதே பன், அதே தட்டு. நான்கு மூலைத் துண்டுகளுக்குப் பேரப்பிள்ளைகள் காத்து நின்றார்கள். மூலையில் இரண்டு பக்கம் ஓடு பிடித்து மொறுமொறுவென்றிருக்கும். மூதாட்டி ஒரு மூலையை வெட்டி முதலில் என் தட்டில் வைத்தார். மீதி மூன்றுக்கு அந்தப் பிள்ளைகள் போட்ட சண்டையை அவர் தடுக்கவே இல்லை.