ஆய்வுக் கட்டுரைகள் அனைவரையும் அடைய: பல்கலைக் கழக நூலகங்களில் பணிமுறைச் சீரமைப்பு

(பல்கலைக் கழக நூலகர்கள், ஆய்வு மாணவர்கள், நிர்வாக அலுவலர்கள் ஆகியோருக்கான பயிற்சி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரை)

சென்னைப் பல்கலைக் கழகத்தின் நூலகராக 1924-இல் பொறுப்பேற்ற எஸ்.ஆர். ரங்கநாதன், நூலக இயலின் ஐந்து விதிகளை 1931-இல் நூலாக வெளியிட்டார். வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது அவற்றுள் நான்காவது விதி. நூல்களை எங்கே வைப்பது, எந்த வரிசையில் அடுக்குவது, எத்தனை படிவங்களை நிரப்பச் சொல்வது என்பன போன்ற சிறு காரியங்களிலேயே நூலகத்தின் வெற்றியும் தோல்வியும் அடங்கியுள்ளன என்பது இவ்விதியின் உட்பொருள். ஆய்வுக் கட்டுரைகளை உலகுக்குத் திறந்து வைக்கும் பணி இன்று நூலகங்களின்பால் வந்துள்ளது. இந்த நான்காவது விதியை அப்பணியிலும் கடைப்பிடிப்பது அவசியமாகிறது.

திறந்த அணுகல் என்பது யாது?

ஆய்வு முடிவுகளைச் சந்தா செலுத்தியவர் மட்டுமன்றி எவரும் இணையத்தின் வழியே இலவசமாகப் படிக்கவும் பயன்படுத்தவும் இயல வேண்டும் என்பதே திறந்த அணுகல் எனும் கோட்பாடு. 2002-ஆம் ஆண்டின் புடாபெஸ்ட் அறிக்கையும் 2003-ஆம் ஆண்டின் பெர்லின் பிரகடனமும் இதற்கு உருவம் கொடுத்தன. இதனை அடைய இரு வழிகள் உண்டு. ஆய்விதழே தன் கட்டுரைகளைத் திறந்து வெளியிடுவது ஒரு வழி. சந்தா இதழில் கட்டுரை வெளிவந்தாலும், இதழ் ஏற்றுக்கொண்ட இறுதிப் படியை ஆசிரியர் தம் நிறுவனத்தின் மின்னணுக் களஞ்சியத்தில் சேர்த்து வைப்பது மற்றொரு வழி. முதல் வழியில் பல இதழ்கள் ஆசிரியரிடம் வெளியீட்டுக் கட்டணம் கேட்கின்றன. இரண்டாம் வழிக்குக் கட்டணம் இல்லை. ஒழுங்கான பணிமுறை மட்டுமே தேவை.

இந்தியாவில் ஆய்வுச் செலவின் பெரும்பகுதி அரசின் பணம். ஆய்வாளரின் ஊதியமும் உதவித் தொகையும் பொது நிதியிலிருந்து செல்கின்றன. அவர் எழுதிய கட்டுரையைப் படிக்கச் சந்தாவாக மீண்டும் பொது நிதி செலவாகிறது. இச்சுமையை ஒருங்கிணைக்கும் பொருட்டு, 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று ஒப்புதல் அளித்தது. 2025 முதல் 2027 வரையிலான மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 30 வெளியீட்டாளர்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300-க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்களைச் சேர்ந்த சுமார் 1.8 கோடிப் பேருக்கு இதனால் கிடைக்கும் எனக் கணக்கிடப்பட்டது.

இது பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. எனினும் இது படிக்கும் உரிமையை விலைக்கு வாங்கும் ஏற்பாடே ஆகும். இந்திய ஆய்வாளரின் கட்டுரை இதனால் தானாகவே அனைவருக்கும் திறந்துவிடுவதில்லை. தனியார் கல்லூரி மாணவர், ஓய்வு பெற்ற ஆசிரியர், சிறுதொழில் நடத்தும் பொறியாளர், வட்டார மருத்துவர் முதலியோர் சந்தா வேலிக்கு வெளியிலேயே நிற்கின்றனர். அவர்களுக்கும் கதவைத் திறக்கும் சாவி பல்கலைக் கழக நூலகத்தின் கையில் உள்ளது.

கொள்கை உண்டு, கட்டுரைகள் இல்லை

சாவி இல்லாமல் இல்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் 2002-லேயே தன் களஞ்சியத்தைத் தொடங்கியது. களஞ்சியம் அமைப்பதற்கான டிஸ்பேஸ், ஈபிரிண்ட்ஸ் ஆகிய மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. உயிரித் தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் 2014 டிசம்பரில் வெளியிட்ட கொள்கை, தம் நிதியுதவியால் விளைந்த கட்டுரைகளை இதழ் ஏற்றுக்கொண்ட இரண்டு வாரங்களுக்குள் களஞ்சியத்தில் சேர்க்குமாறு கூறுகிறது. ஆயினும் பல பல்கலைக் கழகங்களில் களஞ்சியம் பெயரளவிலேயே இயங்குகிறது. ஆய்வாளர்களின் அக்கறையின்மையே காரணம் என்று கூறிவிடுவது எளிது. ஆனால் அதே ஆய்வாளர்களின் ஆய்வேடுகள் 5 இலட்சத்துக்கும் மேல் 'ஷோத்கங்கா' களஞ்சியத்தில் குவிந்துள்ளன. இந்த வேறுபாட்டின் காரணம் ஆராயத் தக்கது.

பல்கலைக் கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு விதிமுறைகள், பட்டம் அறிவிக்கப்பட்ட பின் 30 நாட்களுக்குள் ஆய்வேட்டின் மின்படியை அளிக்கக் கோரின. 2016-ஆம் ஆண்டு விதிமுறைகளோ, பட்டத்தை அறிவிப்பதற்கு முன்பே மின்படியை இன்ஃபிலிப்நெட் மையத்திற்கு அளிக்க வேண்டும் என்று மாற்றின. 'பின்' என்பது 'முன்' ஆயிற்று. மாற்றம் ஒரு சொல்லில் அடங்கும். ஆனால் அது ஒரு பணிமுறைச் சீரமைப்பு. ஒப்படைத்தல் என்பது வேலை முடிந்தபின் நினைவூட்டிப் பெற வேண்டிய உதவியாக இல்லாமல், எவரும் தாண்டிச் செல்ல இயலாத ஒரு படியாக ஆகிவிட்டது.

கட்டுரை செல்லும் பாதை

ஆய்வுக் கட்டுரைக்கு அத்தகைய படி ஏதும் இல்லை. ஒரு கட்டுரையின் பயணத்தைக் கவனித்தால் தடைகள் தெளிவாகும். இதழ் ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வரும் நாளில் இறுதிப் படி ஆசிரியரின் கணினியில் இருக்கிறது. அன்று நூலகம் அதைக் கேட்பதில்லை. பல மாதங்கள் கழித்து, தர மதிப்பீட்டுக்காகவோ தேசியத் தரவரிசைக்காகவோ வெளியீட்டுப் பட்டியல் கேட்கப்படும்போதுதான் கட்டுரையின் பெயரே நூலகத்திற்குத் தெரிகிறது. அதற்குள் மாணவர் பட்டம் பெற்றுச் சென்றிருப்பார். இறுதிப் படி எது என்பது குழம்பியிருக்கும். கையிலிருப்பது இதழ் அச்சிட்ட வடிவம் மட்டுமே. அதைக் களஞ்சியத்தில் வைக்கப் பெரும்பாலான சந்தா இதழ்கள் அனுமதிப்பதில்லை. ஆசிரியர் உரிம ஒப்பந்தத்தைப் படித்திருக்க மாட்டார்; அஞ்சி விட்டுவிடுவார். ஆக, கட்டுரை மறைந்தது எதிர்ப்பினால் அன்று, தாமதத்தினால்.

இந்த வேலை உண்மையில் எவ்வளவு பெரியது? ஓர் எடுத்துக்காட்டாக, ஒரு பல்கலைக் கழகத்தில் ஆண்டுக்கு 400 கட்டுரைகள் ஏற்கப்படுவதாகவும், ஒவ்வொன்றையும் சரிபார்த்துப் பதிவு செய்ய 40 நிமிடங்கள் ஆவதாகவும் கொள்வோமாயின், மொத்தம் 16,000 நிமிடங்கள், அதாவது சுமார் 267 மணி நேரம் ஆகும். நாளொன்றுக்கு ஏழு மணி நேரம் எனில், ஓர் ஊழியரின் 38 வேலை நாட்கள். ஆண்டு முழுவதும் பரவிய இச்சுமையைப் பணியிடங்கள் காலியாக உள்ள நூலகமும் தாங்க இயலும். ஆண்டு இறுதியில் தேடி அலைந்து செய்தால்தான் அது தாங்கொணாச் சுமையாகிறது.

செய்யத்தக்கவை

முதலாவதாக, கட்டுரை ஏற்கப்பட்ட நாளே ஒப்படைக்கும் நாளாக வேண்டும். ஏற்புக் கடிதத்தையும் இறுதிப் படியையும் ஒரே மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பினால் ஆசிரியரின் கடமை முடிந்தது என்ற நிலை ஏற்பட வேண்டும். மற்ற விவரங்களை நிரப்புவது நூலகத்தின் வேலை.

இரண்டாவதாக, உரிமச் சோதனை நூலகத்திடமே இருத்தல் வேண்டும். வெளியீட்டாளர்களின் விதிகளை ஒருமுறை ஆராய்ந்து இதழ்வாரியாகக் குறித்து வைத்தால், அடுத்த கட்டுரைக்கு அதே உழைப்பு தேவைப்படாது. இதழ் ஆறு மாதமோ ஓராண்டோ தடைக்காலம் விதித்திருந்தால், கட்டுரையை மூடிய நிலையில் இன்றே சேர்த்து, உரிய நாளில் தானாகத் திறக்குமாறு மென்பொருளில் குறித்துவிடலாம்.

மூன்றாவதாக, ஒரே விவரத்தைப் பலமுறை கேட்கும் வழக்கம் ஒழிய வேண்டும். துறைத் தலைவர், தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு, ஆராய்ச்சிப் பிரிவு, நூலகம் ஆகிய நான்கு இடங்களிலும் ஆசிரியர் ஒரே பட்டியலை நான்கு படிவங்களில் தருகிறார். களஞ்சியத்தில் பதிவான பட்டியலே பதவி உயர்வுக்கும் மதிப்பீட்டுக்கும் ஆதாரம் என ஒரு சுற்றறிக்கை கூறினால், மூன்று படிவங்கள் குறையும், களஞ்சியமும் நிறையும். பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக் கழகம் இதையே செய்தது. களஞ்சியத்தில் உள்ள வெளியீடுகள் மட்டுமே உள்மதிப்பீட்டில் கணக்கில் கொள்ளப்படும் என்று அது விதித்தது. ஆய்வேட்டுக்குப் பட்டம் எப்படியோ, கட்டுரைக்கு மதிப்பீடு அப்படி.

நான்காவதாக, வெளியீட்டுக் கட்டணம் பற்றிய ஆலோசனை, கட்டுரையை இதழுக்கு அனுப்பும் முன்பே கிடைக்க வேண்டும். 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட தரமான திறந்த இதழ்களின் கட்டணத்திற்கென ஆண்டுக்கு 150 கோடி ரூபாய் வரை உதவிக்கு வழி செய்யப்பட்டது. எந்த இதழுக்கு உதவி உண்டு, எது பணம் பறிக்கும் போலி இதழ், கட்டணமே கேட்காத நல்ல இதழ் எது என்பதை ஆய்வு மாணவர் அறியும் இடம் நூலகமே. மானியக் குழு தன் அங்கீகரிக்கப்பட்ட இதழ்ப் பட்டியலை 2025-இல் கைவிட்டு, இதழைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நிறுவனங்களிடமே விட்டுள்ளதால் இத்தேவை மிகுந்துள்ளது. கட்டணத்தை வெளிநாட்டுக்குச் செலுத்த நேர்ந்தால் சரக்கு மற்றும் சேவை வரி, வருமான வரிச் சான்று, வங்கிப் படிவம் எனப் பல படிகள் குறுக்கிடுகின்றன. நிதி அலுவலரும் நூலகரும் கூடி ஒரே சரிபார்ப்புப் பட்டியலை வகுத்துக்கொண்டால், கோப்பு திரும்பத் திரும்ப வருவது குறையும்.

அளந்தால் சீர்படும்

சீரமைப்பு ஒருமுறை செய்து ஓயும் காரியமன்று. புள்ளியியல் தரக் கட்டுப்பாட்டின் முன்னோடியான வால்டர் ஷூஹார்ட், மகலனோபிஸின் முயற்சியால் 1947-48-இல் இந்தியாவுக்கு வந்தார். அதே இந்தியப் புள்ளியியல் கழகத்தின் ஆதரவில்தான் ரங்கநாதன் 1962-இல் பெங்களூரில் ஆவண ஆய்வு மற்றும் பயிற்சி மையத்தை நிறுவினார். ஆலையின் தரக் கட்டுப்பாடும் நூலகத்தின் ஒழுங்கும் இவ்வாறு ஒரே கூரையின் கீழ் வளர்ந்தவை. திட்டமிடல், செய்து பார்த்தல், அளந்து ஆராய்தல், திருத்துதல் என்ற சுழற்சி நூலகத்திற்குப் புதியதன்று.

அளக்க வேண்டியவை மூன்றே. ஏற்கப்பட்ட கட்டுரைகளில் எத்தனை களஞ்சியத்தை அடைந்தன? ஏற்ற நாளிலிருந்து திறக்கும் வரை எத்தனை நாட்கள் ஆயின? திரும்பி வந்தவை எக்காரணத்தால் திரும்பின? இம்மூன்றையும் காலாண்டுக்கு ஒருமுறை ஒரு பக்கத்தில் எழுதித் துணைவேந்தரின் பார்வைக்கு வைத்தால், எந்த மேசையில் கோப்பு நிற்கிறது என்பது விளங்கிவிடும். எண்ணிக்கையை மட்டும் இலக்காக்குவதிலும் ஆபத்து உண்டு. தரமற்ற கட்டுரைகளைக் குவிப்பது இதன் நோக்கமன்று.

பணிமுறை எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. வெளியீட்டாளரின் விலையையோ உரிமச் சட்டத்தையோ ஒரு நூலகத்தின் சுற்றறிக்கை மாற்ற இயலாது. எனினும் இதழ் அனுமதித்தும், கொள்கை வற்புறுத்தியும், மென்பொருள் இலவசமாக இருந்தும், கேட்க வேண்டிய நாளில் கேட்காததால் மறைந்துபோகும் கட்டுரைகள் ஏராளம். அவற்றை மீட்கப் புதிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை. ஏற்புக் கடிதம் வந்த அன்றே அதனை நூலகத்திற்கு அனுப்ப வேண்டும் என்ற பழக்கத்தை ஆய்வு மாணவரும், அனுப்பியதற்கு அன்றே பதில் தர வேண்டும் என்ற பழக்கத்தை நூலக ஊழியரும் மேற்கொண்டால் போதும். மக்கள் பணத்தில் விளைந்த அறிவு மக்களிடம் திரும்பிச் செல்லும் பாதை அங்கிருந்தே தொடங்குகிறது.