சாமியாடியை வெளியே நிறுத்தாதீர்கள்



ஊருக்கு ஊர் கோயில் திருப்பணி நடக்கிறது. வெட்டவெளியில் பீடமாக நின்ற சுடலைமாடனுக்குக் கூரை வருகிறது, விமானம் வருகிறது, கும்பாபிஷேகம் நடக்கிறது. நல்லது. ஆனால் அது முடிந்த மறு வருடமே கமிட்டி கூடித் தீர்மானம் போடுகிறது: கிடாவெட்டு வேண்டாம், சுருட்டும் சாராயமும் படைக்க வேண்டாம், சாமியாட்டம் வேண்டுமானால் வாசலுக்கு வெளியே கொஞ்ச நேரம் நடக்கட்டும். தலைமுறை தலைமுறையாகக் காப்புக் கட்டி ஆடிய குடும்பத்து மனிதர், தன் பாட்டன் நட்ட கல்லுக்கு முன்னால் அனுமதி கேட்டு நிற்கிறார். இது எந்த ஊர் நியாயம்?

யார் இந்தச் சாமியாடி? மற்ற நாட்களில் கொத்தனார், பனையேறி, ஆடு மேய்க்கிறவர். கோயில் கொடைத் திருவிழாவுக்கு நாள் குறித்ததும் விரதம் இருக்கிறார். கொடையன்று வில்லுப்பாட்டில் சாமியின் கதை வளர்கிறது. பிறப்பு வரும்போது அமைதியாக நிற்கிற மனிதருக்கு, கதையில் கொலை நடக்கும் இடம் வந்ததும் உடம்பு நடுங்குகிறது. கவனியுங்கள், கொலை நடக்கும் இடத்தில். நம் ஊர்த் தெய்வங்களில் எத்தனை பேர் கொல்லப்பட்டவர்கள்! காத்தவராயன் கழுவில் ஏற்றப்பட்டவன். மதுரை வீரன் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். சாதி விட்டு இறங்கி பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணந்த முத்துப்பட்டன், ஆநிரை கவர வந்தவர்களோடு மோதி உயிர்விட்டவன். அநியாயமாகச் செத்தவன் வருடத்துக்கு ஒரு ராத்திரி எழுந்து வந்து, ஒரு கூலிக்காரரின் வாயால் ஊரிடம் கணக்குக் கேட்கிறான். பகலில் அந்தக் கூலிக்காரரை 'வாடா, போடா' என்று கூப்பிடுகிறவர்கள் அன்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு திருநீற்றுக்குக் கை நீட்டுகிறார்கள். விடிந்ததும் அவர் வேலைக்குப் போகிறார். அவருக்கு ஆசிரமம் இல்லை, அறக்கட்டளை இல்லை, வெளிநாட்டுச் சீடர்கள் இல்லை. இதைத்தான் நாகரிகம் இல்லை என்கிறார்கள்!

இது நேற்று வந்த பழக்கம் என்று யாராவது சொன்னால் சிலப்பதிகாரத்தைத் திறந்து காட்டுங்கள். மதுரைக்குப் போகும் வழியில் களைத்துப்போன கண்ணகியைத் தெய்வமேறிப் போற்றுகிறவள் எயினர் குடியில் பிறந்த சாலினி. காப்பியம் முடியும் இடத்தில் தேவந்தி மேல் தெய்வம் ஏறுகிறது. சேரன் செங்குட்டுவன் நின்று கேட்கிறான். ஒரு பேரரசன் காது கொடுத்தான். கோயில் கமிட்டித் தலைவருக்குக் காது கேட்கவில்லை!

அரசாங்கமும் ஒருமுறை கை வைத்துப் பார்த்தது. 1950-இல் போட்ட உயிர்ப்பலித் தடைச் சட்டத்தை 2003 ஆகஸ்டில் தூசி தட்டி எடுத்தார்கள். கிடாவை நேர்ந்துவிட்டு வளர்த்த ஏழை வாசலில் போலீஸ் வந்து நின்றது. தமிழ்நாட்டுக் கிராமங்கள் கொதித்தன. 2004-இல் அந்தச் சட்டமே ரத்தானது. அன்று அரசை எதிர்த்து நின்ற நாம், இன்று சொந்தக் கமிட்டியிடம் தோற்றுக்கொண்டிருக்கிறோம்.

தென்கொரியாவில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே மூதாங் என்று பெண் சாமியாடிகள் உண்டு. 1970-களில் கிராம முன்னேற்றம் என்ற பெயரால் ஊர்த் தெய்வக் கோயில்களை இடித்தார்கள், சடங்குகளைத் தடுத்தார்கள். 2009-இல் அதே நாட்டின் ஜெஜு தீவில், கடலுக்குப் போகிறவர்களுக்காக நடக்கும் சாமியாட்டத்தை யுனெஸ்கோ உலகப் பண்பாட்டுச் செல்வமாகப் பட்டியலில் சேர்த்தது. நம் உடுக்கைக்கும் அப்படி ஒரு சான்றிதழ் வந்த பிறகுதான் மரியாதை கொடுப்போமா?

பகுத்தறிவு பேசும் தோழர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் கேள்வியை மதிக்கிறேன். அது இந்த மரபுக்குள்ளேயே பிறந்த கேள்விதான். நற்றிணையின் 34-ஆம் பாட்டில் காதலால் வாடும் மகளுக்கு முருகன் பிடித்துவிட்டான் என்று நினைத்துத் தாய் முருக பூசாரியான வேலனை அழைத்து வெறியாட வைக்கிறாள். வந்தது வேறு நோய் என்று அறிந்த தோழி, முருகனையே நேருக்கு நேர் பார்த்து, இது தெரியாமல் வந்து நிற்கிறாயே என்கிறாள். சாமியிடமே சண்டை போட்ட பெண் அவள்.

அந்த மகள் இன்றும் நம் ஊரில் இருக்கிறாள். வேற்றுச் சாதிப் பையனை விரும்பினால் அவளுக்குப் பேய் பிடித்துவிட்டதாம்! வேப்பங்குச்சியால் அடிக்கிறார்கள், சாட்டையால் அடிக்கிறார்கள், தலைமுடியைப் பிடுங்கிப் புளியமரத்தில் ஆணி அடிக்கிறார்கள். ஆணுக்கு வந்தால் சாமி, வீட்டு மருமகளுக்கு வந்தால் பேய் என்று தீர்ப்பு எழுத இவர்கள் யார்? புருஷன் குடித்துவிட்டு அடிப்பதை, மாமியார் வயிற்றுக்குச் சோறு போடாததை அவளால் வேறு எங்கே சொல்ல முடிந்தது? பஞ்சாயத்தில் அவளைப் பேச விட்டார்களா? உடுக்கைச் சத்தம் கேட்டபோதுதான் அவள் வாய் திறந்தது. அவள் சொன்னது உண்மையென்று வீட்டிலிருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் அடிக்கிறார்கள்.

இன்னொன்றும் உரக்கச் சொல்ல வேண்டும். திருநீறு போட்டால் பயந்த குழந்தை தூங்கும்; எனக்கு அதில் சந்தேகம் இல்லை. ஆனால் மனநோய்க்கு மருத்துவர் வேண்டும், மாத்திரை வேண்டும். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு மனநோயாளிகள் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிப் போடப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். கடவுள் பெயரைச் சொல்லிச் சங்கிலி மாட்டுகிறவனும் ஆயிரக்கணக்கில் பணம் பறிக்கிறவனும் நம் ஆள் இல்லை. அவர்களைப் போலீஸ் வந்து பிடிக்கும்வரை காத்திருக்காமல், ஊரே முன்னின்று விரட்ட வேண்டும். நோயாளியை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லும் சாமியாடிகளை நான் பார்த்திருக்கிறேன். "மருந்தைச் சாப்பிடு, நான் கூட நிற்கிறேன்" என்பதுதான் அவர்கள் வாக்கு. அதுதான் சாமியின் வாக்கு.

தாய்மார்களே, பெரியோர்களே, ஊருக்குத் திரும்பியதும் கமிட்டியைக் கூட்டச் சொல்லுங்கள். உங்கள் சாமியாடிக்கு முறைப்படி தாம்பூலம் வைத்து, பீடத்துக்கு முன்னால், பழைய இடத்துக்கே அழைத்து வாருங்கள். இன்ன சாதிக்கு முதல் திருநீறு என்ற சண்டையை அதே கூட்டத்தில் முடித்துவிடுங்கள். பேயோட்டுகிறவர்கள் கையிலிருந்து சாட்டையைப் பிடுங்குங்கள். கொடை ராத்திரியில் உங்கள் வீட்டுப் பெண் அருள்வந்து எதைச் சொல்லி அழுதாளோ, அதை மறுநாள் பகலில் அவளை உட்காரவைத்து இன்னொரு முறை கேளுங்கள்.