நீலத் தண்ணீருக்குத் தனிக் குழாய்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் தோல் பதனிடும் டேனரிக்குள் போனவர்கள் அந்தப் பெரிய மர டிரம்களைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே தோல் உருளும். கூடவே குரோமியம் சல்பேட் கரைசலை ஊற்றுவார்கள். சில மணி நேரத்தில் தோல் நீலம் பாரித்து வெளியே வரும். அதற்கு ‘வெட் புளூ’ என்று பெயர். அப்படிப் பதமான தோல் அழுகாது, சூட்டையும் தாங்கும். உலகத்தில் பதனிடப்படும் தோலில் பெரும்பகுதி இந்த முறையில்தான் பதமாகிறது.

சிக்கல் மிச்சத் தண்ணீரில் இருக்கிறது. வழக்கமான முறையில், ஊற்றும் குரோமியத்தில் 60 முதல் 70 சதவீதத்தைத்தான் தோல் பிடித்துக்கொள்ளும். மீதி டிரம்மிலேயே தங்கிவிடும். அந்தத் தண்ணீரில் லிட்டருக்குக் கிராம் கணக்கில் குரோமியம் இருக்கும். வெளியேற்ற அனுமதிக்கப்பட்ட அளவோ லிட்டருக்கு 2 மில்லிகிராம்.

இதைச் சுண்ணாம்புத் தண்ணீர், உப்புத் தண்ணீர், முடி, கொழுப்பு எல்லாவற்றோடும் ஒரே வாய்க்காலில் விட்டால் என்ன ஆகும்? பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் தண்ணீர் தெளியும். குரோமியம் அடியில் சேறாகப் படியும். உலோகம் மக்காது, எரித்தாலும் அழியாது, இடம்தான் மாறும். 2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் இப்படிப்பட்ட சேற்றுத் தொட்டி ஒன்றின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்துபோனார்கள்.

ஆகவே டிரம் வாயிலேயே பிடிக்க வேண்டும். குரோம் தண்ணீரை மட்டும் தனித் தொட்டிக்குக் கொண்டுபோய், வடிகட்டி, காரம் சேர்த்தால் குரோமியம் ஹைட்ராக்சைடாகத் திரண்டு படியும். எந்தக் காரம் என்பதில்தான் கைப்பக்குவம். காஸ்டிக் சோடா போட்டால் கூழ் கூழாக மிதக்கும், சீக்கிரம் படியாது. கொஞ்சம் கூடிவிட்டால் படிந்ததே திரும்பக் கரையத் தொடங்கும். சுண்ணாம்பு போட்டால் ஜிப்சமும் சேர்ந்து சேறு பெருகும். மக்னீசியம் ஆக்சைடு மெதுவாகக் கரைவதால் காரம் எல்லை மீறாது. படிவும் அடர்த்தியாக இறுகும். மேலே தெளிந்த நீரை இறக்கிவிட்டு, படிவில் கந்தக அமிலம் ஊற்றினால் மறுபடியும் குரோமியம் சல்பேட். புது குரோம் உப்போடு கலந்து அடுத்த டிரம்முக்கு விடலாம். சென்னை அடையாற்றில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இந்த முறையை டேனரிகளுக்குள் கொண்டுபோக நிறைய உழைத்திருக்கிறது.

மீட்ட குரோமில் கொழுப்பும் புரதமும் ஒட்டியிருந்தால் தோலின் நிறம் மங்கும் என்று சில முதலாளிகள் தயங்குகிறார்கள். நியாயமான கவலைதான்; வடிகட்டுவதில் அக்கறை காட்டினால் பெருமளவு தீரும். தண்ணீரில் உள்ள சாதாரண உப்பை இந்த முறை தொடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாலாற்றங்கரைக் கிணறுகள் உவர்த்துப்போன கதை வேறு.

‘மாசுபடுத்துபவரே ஈடு கட்ட வேண்டும்’ என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் இந்தப் பக்கத்து டேனரிகள் மீதான வேலூர் வழக்கிலும் சொன்னது. ஈடு கட்டுவது கெட்ட பிறகு நடப்பது. கெடாமல் தடுக்க, அதிகாரிகள் டேனரியைப் பார்வையிடப் போனால், தெளிந்த தண்ணீரைப் பாட்டிலில் பிடிக்கும் முன் டிரம்முக்கு அடியில் குனிந்து, குரோம் தண்ணீருக்குத் தனிக் குழாய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் அனுமதியைப் புதுப்பிக்கக் கூடாது.