மண்ணைக் காப்பதும் நம்ம சங்கத்து வேலைதான்

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)



சங்கக் கூட்டம் என்றால் நாலு கேள்வி கேட்போம். சந்தா கட்டியாச்சா? சேமிப்பு எவ்வளவு? கடன் யாருக்கு வேணும்? தவணை யார் பாக்கி? களப்பணியாளர்களான நாங்களும் நோட்டைப் பார்த்து இதையேதான் கேட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் பஸ் ஏறுகிறோம். நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. நாற்று நடுவது நாம, களை எடுப்பது நாம. ஆனால் நிலம் என்றால் மட்டும் "அது ஆம்பளைங்க சமாச்சாரம்" என்று விட்டுவிட்டோம்.

போன வருடம் நம் பகுதியில் ஒரு ஊரில் நடந்ததைச் சொல்கிறோம். ஒரு உறுப்பினர் வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவால் கடன். செங்கல் சூளைக்கு மண் எடுக்கும் ஏஜெண்ட் வந்தார். "நிலத்தை விக்க வேணாம், மேல் மண்ணை ரெண்டு அடி மட்டும் கொடுங்க" என்று அட்வான்சும் கொடுத்துவிட்டார். வீட்டுக்காரரும் சரி என்று சொல்லிவிட்டார். ஜே.சி.பி. வருவதற்கு முதல் நாள், கூட்டம் முடியும் நேரத்தில் அந்தச் சகோதரி மெதுவாக இதைச் சொன்னார்.

அந்த ரெண்டு அடியில்தானே எல்லாம் இருக்கு? எருவும் இலைதழையும் மக்கியது அதில், மண்புழு இருப்பது அதில், வேர் ஓடுவதும் அதில். இரண்டு, மூன்று சென்டிமீட்டர் மேல் மண் உருவாக ஆயிரம் வருடம் வரை ஆகலாம் என்று ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் சொல்கிறது. ஜே.சி.பி.க்கு ஒரு நாள் போதும்.

யாரும் வீட்டுக்குப் போகவில்லை. அன்றைக்கே உள்கடன் கொடுக்கத் தீர்மானம் போட்டார்கள். மூன்று பேர் போய் வீட்டுக்காரரிடம் பேசினார்கள். அட்வான்ஸ் திரும்பிப் போனது. நோட்டில் கடன் நோக்கம் என்ற இடத்தில் "மண்ணைக் காக்க" என்று ஊக்குநர் எழுதினார். அந்தப் பக்கத்தை நாங்கள் கண்ணால் பார்த்தோம்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. பக்கத்து நிலத்துக்காரர் மண்ணை விற்றுவிட்டார். இப்போது அந்த நிலம் பள்ளம். மழை பெய்தால் இந்தச் சகோதரியின் வரப்பு அந்தப் பள்ளத்தில் சரிகிறது. ஒரு வீடு மட்டும் நினைத்தால் நிலத்தைக் காக்க முடியாது, ஊரே சேர வேண்டும்.

நாகப்பட்டினம் பக்கம் அப்படிச் சேர்ந்து காட்டினார்கள். கிருஷ்ணம்மாள் அம்மாவும் ஜெகந்நாதன் ஐயாவும் 1981-ல் லாப்டி இயக்கத்தைத் தொடங்கி, நிலமில்லாத தலித் குடும்பங்களுக்கு நிலம் வாங்கி, பெண்கள் பேரிலேயே பதிவு செய்தார்கள். 1990-களில் கடலோரத்தில் இறால் பண்ணைகள் வந்தன. உப்புத் தண்ணீர் வயலில் இறங்கியது, கிணறு உப்பானது, கூலி வேலையும் போனது. பெண்கள் சும்மா இருக்கவில்லை, சத்தியாகிரகத்தில் உட்கார்ந்தார்கள். ஜெகந்நாதன் ஐயா தொடர்ந்த வழக்கில் 1996 டிசம்பர் 11-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. விவசாய நிலத்தையும் ஊர்ப் பொது நிலத்தையும் இறால் குட்டையாக மாற்றக் கூடாது என்றது.

அதற்குப் பிறகு 2005-ல் தனிச் சட்டம் வந்து, பதிவு செய்து பண்ணை நடத்த வழி வந்தது. அதனால் ஜெயித்தாச்சு என்று கண்ணை மூட முடியாது. நிலம் வாங்குவது ஒரு நாள் வேலை, அதைக் காவல் காப்பது தினம் தினம் வேலை.

தலைமை என்றால் மேடையில் நாற்காலி போட்டு உட்காருவது என்று நினைக்க வேண்டாம். அன்றைக்கு வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்தார்களே, அவர்கள்தான் தலைவிகள். நாம் எல்லோரும் செய்யக் கூடியது மூன்று:

1. மாதம் ஒரு கூட்டத்தில் "யார் வீட்டிலாவது நிலம் விற்க, மண் விற்கப் பேச்சு நடக்குதா?" என்று கேட்போம். அவசரக் கடனில் இதற்கு முதலிடம் கொடுப்போம்.

2. பட்டா யார் பேரில் இருக்கு என்று வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்வோம். நம் பேரையும் சேர்க்கச் சொல்வோம்.

3. ஏரி, வாய்க்கால், ஊர்ப் பொது நிலம் பற்றிக் கிராம சபையில் குழுவாகப் போய்ப் பேசுவோம். தனியாகப் போனால் உட்காரச் சொல்லிவிடுவார்கள்.

நாங்களும் இனிமேல் ஊருக்கு வரும்போது இந்த ஐந்தாவது கேள்வியைக் கேட்போம். நாங்கள் மறந்தால் நீங்கள் ஞாபகப்படுத்துங்கள்.